விடியற்காலத்து முதுகு

காலையில் கட்டிலை விட்டு இறங்குவது எனக்கு ஒரு தனி வேலை. முதலில் வலப்பக்கம் சரிய வேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி உடம்பைக் கிளப்ப வேண்டும். இதை ஒருவரும் எனக்குப் பழக்கவில்லை. முப்பது வயதுக்கு முன்னமே உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி அது. அவசரத்தில் நேராக எழும்பப் பார்த்தால், முள்ளந்தண்டு வந்து இடுப்பெலும்போடு சேருகிற இடத்தில், காய்ந்த மட்டையை முறித்த மாதிரி நோ கிளம்பும். அதன்பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும்.

நான் பிறந்து வளர்ந்த தீவில் அந்த இடத்தை நாரி என்போம். நாரி நோ இல்லாத வீடு கிடையாது. வலை இழுத்தவனுக்கு நாரி நோ, தண்ணீர் அள்ளினவளுக்கு நாரி நோ. ஆனபடியால் எனக்கு வந்தபோது நானே அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலம் அது. குளிர் பிடித்துவிட்டது, போய்விடும் என்று நினைத்தேன்.

அப்போது நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தமையன். மச்சான் எனக்குப் பத்து வயது மூத்தவர். எங்களுக்கு முன்பே இங்கே வந்து, பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்துக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவித் துடைக்கிற வேலையைப் பிடித்து வைத்திருந்தார். அதில் சிலவற்றை எனக்குப் பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். வேலையாட்கள் வந்து கந்தோர்களைத் திறப்பதற்கு முன்பு படிகள் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே விடிவதற்கு முன்பே வாளியும் கையுமாக அங்கே நிற்க வேண்டும்.

என் உடம்பு ஒத்துழைக்காத நேரமும் அதுதான். மச்சான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று, "நேரம் போகுது" என்பார். நான் உள்ளேயிருந்து "வாறன், வாறன்" என்பேன். வந்துவிட மாட்டேன். குனிந்து காலுறை போட முடியாது. மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் முழங்காலில் இருந்து எனக்குக் காலுறை போட்டுவிடுவாள். கதவைச் சாத்துவது தமையன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. சில நாட்களில் அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பிந்திப் போய்ச் சேரும்போது என்னுடைய முதல் படிக்கட்டையும் அவரே கழுவி முடித்து, அடுத்த கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இதில் எனக்கு வாய்த்த கெடுதி என்னவென்றால், பத்து மணிக்கு நான் நல்ல மனிதன். படிகளை ஏறி இறங்கிக் கழுவக் கழுவ முதுகு இளகிவிடும். மத்தியானம் வாளியை ஒற்றைக் கையில் தூக்குவேன். ஞாயிறு பின்னேரம் நம் பொடியன்களோடு கரப்பந்து விளையாடுவேன், துள்ளி அடிப்பேன். விடியற்காலம் காலுறை போட முடியாதவன் பின்னேரம் வலைக்கு மேலாகத் துள்ளி அடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விளையாட்டு முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, பின்னாலே யாரோ என்னை 'வேலைக் கள்ளன்' என்றது காதில் விழுந்தது. மச்சானும் பக்கத்தில்தான் நின்றார். அவர் அதை மறுக்கவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒருமுறை முதுகு பழுதாகியிருந்தது. இங்கே எல்லாரும் எர்னியா என்று சொல்கிற வருத்தம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டு ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நெரித்து, இடக்கால் பெருவிரல்வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுத்ததாம். கட்டிலில் படுத்தால் சுகம், எழும்பினால் வேதனை. சில நாள் பாரம் தூக்காமல் ஓய்வாக இருந்தார், குளிசை போட்டார், மெல்ல மாறிவிட்டது. முதுகு நோ என்றால் அவருக்குத் தெரிந்தது அந்த நோ. அதை வைத்துத்தான் என்னையும் அளந்தார். ஓய்வெடுத்தால் மாறவேண்டிய நோ, இரவு முழுக்கப் படுத்து எழும்பியபின் கூடுகிறது என்றால் அவருக்கு நம்ப முடியவில்லை.

குடும்ப வைத்தியரும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, தசைப் பிடிப்பு, கொஞ்ச நாள் ஓய்வெடு என்றார். நான் ஓய்வெடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான நாட்கள் இல்லை. படுக்கப் படுக்க முதுகு சீமெந்து மாதிரி இறுகியது. மத்தியானம் வந்தும் அது இளகவில்லை. மனைவி வேலைக்குப் போன வீட்டில் வயதான பெரிய சிஞ்ஞோராவைப் பராமரித்துவிட்டுக் களைத்து வந்து, எனக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்ப்பாள். அந்த நாட்களில் ஒருநாள் தேய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "படி கழுவிற வேலை பிடிக்கேல்லையெண்டால் சொல்லுங்கோ. வேறை ஏதும் பாப்பம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று எனக்குப் பட்டது.

தமிழில் ஒரு வழக்கு இருக்கிறது, வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சொல்வது. அதை மச்சான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் முன்னாலேயே சொன்னார். "சிலபேருக்கு உடம்பு வளையாது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பிட்டுக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவி எழும்பிக் குசினிக்குள் போனாள். நான் தொடர்ந்து சாப்பிட்டேன்.

செப்டெம்பரில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுவோம். உச்சிக்குக் கிட்ட, குகைக்குள் சந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில். பலெர்மோ சனம் ஏறும், அவர்களுக்குச் சமமாக எங்கள் சனமும் ஏறும். வேதக்காரர், சைவக்காரர் என்று இல்லை. சிலர் வெறுங்காலோடு ஏறுவார்கள். அந்த வருடம் நான் நேர்த்தி வைத்து ஏறினேன். கல் பாவிய பழைய பாதை மலையை வளைத்து வளைத்துப் போகும். ஏற ஏற எனக்கு முதுகில் ஒரு நோவும் இல்லை. மச்சான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் மேலே நின்று அவருக்காகக் காத்திருந்தேன். வந்து சேர்ந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நாரி நோக்காரன் இப்படி மலை ஏற மாட்டான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குகைக்குள் பூசை நடந்தது. மர வாங்கொன்றில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருந்ததுமே கீழ்முதுகு இறுகத் தொடங்கியது. எழும்பிப் பின்னாலே போய், ஈரம் கசிகிற பாறைச் சுவரோடு நின்றேன். மலை ஏற முடிகிறது, இருந்து பூசை காண முடியவில்லை. அங்கே நின்றபடி எனக்கே சந்தேகம் வந்தது. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களே, அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? என் மனந்தான் எனக்குத் தெரியாமல் வேலையை வெறுத்து, உடம்பை நடிக்க வைக்கிறதோ? நோவைவிட இந்த யோசனை என்னை அதிகம் வருத்தியது.

தை மாதம் என் வலது கண் சிவந்தது. முதல் நாள் படி துடைக்கிற வரெக்கீனா மருந்து தெறித்திருக்கும் என்று கழுவினேன். அடுத்த நாள் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. தெருவிளக்கைப் பார்த்தாலும் கண்ணுக்குள் ஊசி ஏறியது. கண் போய்விடுமோ என்று மனைவி பயந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகாமல் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனாள். பல மணி நேரம் காத்திருந்தபின் கண் வைத்தியரிடம் அனுப்பினார்கள். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் அவர். முகத்தை முன்னால் நீட்டி என் நாடியைக் கருவியின் மேல் வைக்கச் சொல்லி, ஒடுங்கிய வெளிச்சமொன்றைக் கண்ணுக்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். மருந்துத் தெறிப்பு இல்லை, கண்ணுக்குள்ளே அழற்சி, சொட்டு மருந்து தருகிறேன் என்றார். எழுதத் தொடங்கினவர் நிறுத்திவிட்டு, தாளில் என் வயதைப் பார்த்தார். பிறகு இத்தாலியனில் என்னிடம் கேட்டார்:

"உங்களுக்கு முதுகு நோ இருக்கிறதா?"

நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். கண்ணுக்கு வந்த இடத்தில் முதுகைக் கேட்பாரா? மனைவியைப் பார்த்தேன். அவள் காதிலும் அதேதான் விழுந்திருந்தது. இருக்கிறது என்றேன்.

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். நோ காலையில் கூடவா, மாலையில் கூடவா என்றார். காலையில் என்றேன். நடமாடினால் குறைகிறதா, கூடுகிறதா? குறைகிறது. ஓய்வெடுத்தால்? கூடுகிறது. விடியுமுன்னமே நோ எழுப்பிவிடுகிறதா? ஆம். பிறகு, சற்றுக் குரலைத் தணித்து, பின்பக்கத்தில் ஒருநாள் இடப்புறமும் ஒருநாள் வலப்புறமும் மாறி மாறி ஆழமாக நோகிறதா என்றார். அதை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தேன். அவரோ, பக்கத்து வீட்டில் இருந்து தினமும் பார்த்தவர் மாதிரிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவருடைய பாஷையிலேயே "சீ, சீ", ஆம், ஆம் என்றேன். சிவக்காத கண்ணிலும் தண்ணீர் வந்தது. கண் கூச்சம் என்று அவர் நினைத்திருக்கலாம். வெளிச்சத்தை அணைத்துவிட்டார்.

கண்ணும் முதுகும் ஒரே வருத்தத்தின் இரண்டு வாசல்களாக இருக்கலாம் என்று சொல்லி, வாத வைத்தியரிடம் காட்டச் சொல்லி ஒரு தாள் எழுதித் தந்தார். வெளியே வந்ததும் மனைவி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "பின்பக்கம் நோகிறதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். "காலுறை போட்டுவிட்ட எனக்கு என்ன வெட்கம்?" என்றாள். அதன்பிறகு வீடு வரும்வரைக்கும் என் கையை விடவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். படுக்க வைத்துக் குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் தள்ளி இடுப்பைப் படமெடுத்தார்கள். முடிவுகளோடு வாத வைத்தியரைப் பார்க்கப் போன நாளில் மச்சானும் வந்தார். மனைவிக்கு அன்று சிஞ்ஞோராவை விட்டு வர முடியவில்லை. என் இத்தாலியன் படிக்கட்டுக்குப் போதும், வைத்தியத்துக்குப் போதாது. மச்சான் நன்றாகக் கதைப்பார். அவர் மறுக்காமல் வந்தார்.

வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நிதானமானவர். என் முதுகில் பேனையால் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி, நாடாவால் அளந்தார். குனியும்போது அந்தக் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டுமாம். என்னுடையவை அசையவே இல்லை என்று சொல்லலாம். குனிகிறேன் என்று நான் நினைத்ததெல்லாம் தொடை மூட்டில் மடிந்தது மட்டுந்தான். பிறகு எங்களை இருத்திவிட்டு, மேசையில் நின்ற பிளாஸ்டிக் முள்ளந்தண்டைத் திருப்பி எங்கள் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல மச்சான் தமிழில் சொன்னார்.

கழுத்தில் ஏழு எலும்பு, நெஞ்சுக்குப் பின்னால் பன்னிரண்டு, நாரியில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தை. எலும்புகளை நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. அதனால்தான் ஒரு சங்கிலி மாதிரி முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் மடிய முடிகிறது. இந்தச் சங்கிலி கீழே வந்து, இடுப்பெலும்போடு இரண்டு மூட்டில் சேருகிறது. எனக்கு அழற்சி தொடங்கியிருப்பது அந்த இரண்டு மூட்டிலும். அது நார் எலும்பைப் பற்றுகிற இடங்களைத் தின்னும். தின்ற புண் ஆறும்போது அந்த இடத்தில் எலும்பு வளரும். வளர்ந்து, ஒரு எலும்பை அடுத்ததோடு ஒட்டிவிடப் பார்க்கும். மூங்கில் மாதிரி ஆகிவிடும் என்று வைத்தியர் சொன்னார். அசையாமல் கிடக்கிற நேரம் இறுகும், அசைய அசைய இளகும். இது ஓய்வால் மாறுகிற வருத்தம் இல்லை, ஓய்வுதான் இதற்குக் கூடாது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருந்ததும் வழக்கந்தானாம். எலும்பில் தெரிய வருடங்கள் ஆகும்.

இவ்வளவும் மச்சான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். உங்களை ஓய்வெடுக்கச் சொன்னது யார் என்று வைத்தியர் கேட்டதையும் சொன்னார். எல்லாரும் என்றேன். அதை அவர் இத்தாலியனில் திருப்பிச் சொன்னார். பிறகு வைத்தியர் நாடாவை எடுத்துக் காட்டி ஒரு வசனம் சொன்னார். மச்சான் அதைத் தமிழாக்கவில்லை. வைத்தியர் காத்திருந்தார்.

"என்ன மச்சான் சொல்லுறார்?" என்று கேட்டேன்.

அவர் பிளாஸ்டிக் முள்ளந்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உம்மடை முள்ளந்தண்டு," என்று தொடங்கி நிறுத்தினார். "வளையாதாம்."

வைத்தியர் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"நீர் வளைக்க நினைச்சாலும் வளையாதாம்," என்றார்.

ஸ்போந்திலித்தே அங்கிலோசாந்தே என்று வருத்தத்தின் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். வெளியே வந்து ஒரு பாரில் கோப்பி குடித்தோம். நின்றுகொண்டு குடிக்கிற இடம், எனக்கு வசதி. மச்சான் சீனியைப் போட்டுக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நோ எண்டு நீர் ஒருக்காலும் வடிவாச் சொல்லேல்லையே," என்றார்.

"சொன்னனான், மச்சான்."

கொஞ்ச நேரம் கலக்கினார். "ஓம்," என்றார். "சொன்னனீர்."

இதைத் தவிர அதைப் பற்றி நாங்கள் இன்றைக்குவரை கதைத்ததில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் கதவடியில் நின்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் எழும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். பிறகுதான் மனைவி சொன்னாள், விடியற்காலத்துப் படிகளைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடைய ஒன்பது மணிக்குப் பிந்திய கட்டடங்களை எனக்கு விட்டிருக்கிறார் என்று. அவை நல்ல கட்டடங்கள், படி குறைந்தவை. அவற்றைப் பிடிக்க அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தவர். நான் நன்றி சொல்லப் போனபோது, வேளையோடு வேலை முடித்து மீன் சந்தைக்குப் போக வசதி என்பதால்தான் மாற்றினேன் என்றார். அந்த வருடம் எங்கள் வீட்டில் மீனுக்குக் குறைவிருக்கவில்லை.

மருந்து உடனே ஒத்துவரவில்லை. முதலில் தந்த குளிசைகள் வயிற்றைக் கெடுத்தன. பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொடையில் போடுகிற ஊசிக்கு மாற்றினார்கள். பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கும். மனைவிதான் போட்டுவிடுவாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை, அவள் குளித்துவிட்டு வந்தபோது நான் கட்டில் விளிம்பில் இருந்து என் காலுறையை நானே போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவடியில் நின்று பார்த்தாள். மற்றக் காலுக்கும் போட்டு முடிக்கும்வரை நின்றாள். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனாள்.

ஒட்டிய எலும்பு ஒட்டியதுதான். அதைப் பிரிக்க மருந்தில்லை. கீழே இரண்டு மூட்டும் இப்போது முழுதாக ஒட்டிவிட்டன, அதனாலே அங்கே நோவும் இல்லை. வைத்தியர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்து முழுதாகத் திரும்பாது. தெருவைக் கடக்கும்போது முழு உடம்பையும் திருப்பித்தான் பஸ் வருகிறதா என்று பார்ப்பேன். நாள்தோறும் சுவரோடு சாய்ந்து, குதிகாலும் இடுப்பும் தோளும் தலையும் படும்படி நிற்கிற பயிற்சி இருக்கிறது. தலைக்கும் சுவருக்கும் இடையில் விரல் போகிறதா என்று மகள் சோதிப்பாள். அவள் இங்கே பிறந்தவள், இப்போது உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன வருடம் ஒருநாள் வந்து, "அப்பா, லா ஸ்கியேனா நோகுது" என்று முதுகைக் காட்டினாள். பிள்ளைகளுக்கு இது வரலாம், வராமலும் விடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். காலையிலா பின்னேரத்திலா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தால் வரும்போது என்றாள். புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்தேன். வாளித் தண்ணீரின் பாரம். இரண்டு நாளுக்குப் பையைக் குறைத்துக் கொண்டு போனாள், மாறிவிட்டது. ஆனாலும் அவள் கண் கொஞ்சம் சிவந்தால் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

மச்சான், ஊரில் இருந்த மனைவி பிள்ளைகள் வந்துசேர்ந்ததும், இத்தாலியின் வடக்குப் பக்கம் போய்விட்டார். நானும் படிக்கட்டு வேலையை விட்டு, இப்போது வியா மக்வேதாத் தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பது சரியான சொல். முதலாளி எனக்கு ஒரு நல்ல கதிரை வாங்கிப் போட்டிருக்கிறார். நான் அதில் இருப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவரைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு சிஞ்ஞோரா திரைச்சீலைத் துணி எடுக்க வந்தார். இந்த மனிதனை ஏன் நாள் முழுக்க நிற்க வைக்கிறீர்கள் என்று முதலாளியைக் கேட்டேவிட்டார். முதலாளி கையை விரித்து, "நீயே சொல்லு" என்று என்னைப் பார்த்தார். என் முதுகுக்கு நிற்கத்தான் விருப்பம், சிஞ்ஞோரா, என்றேன்.

அவர் நம்பவில்லை. நிற்க விரும்புகிற முதுகு உலகத்தில் இல்லை என்றார். பிறகு தன் முதுகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாரியில் கடைசி இரண்டு எலும்புக்கு நடுவே தட்டு பிதுங்கி, வலக்கால் இழுக்கிறதாம். நின்றால் வேதனையாம். நான் கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தேன். இருந்துகொண்டு, எந்த வைத்தியர் என்ன சொன்னார் என்று முழுக்கதையும் சொன்னார். நான் கேட்டபடி துணியை மேசையில் விரித்து, அவருடைய ஜன்னல்களுக்கு அளந்து வெட்டினேன்.